முந்நூற்று நாற்பது மீட்டர்

ஒன்பதாவது கிலோமீட்டரில்,
ஹேசல் புதரடியில்,
பீரங்கிக் குண்டு ஒன்று கிடப்பதாக
வியாழன் இரவு தகவல் வந்தது.
ஞாயிறு காலை ஓட்டம்.

நூறு வருடம் பொறுத்தது
இன்னும் மூன்று நாள் பொறுக்காதா என்றான் ப்ரிமோஷ்,
பாலாடைக்கட்டி ஆலையின் வண்டியோட்டி,
போன வருடம் மூன்றாவதாக வந்தவன்.
யெர்னேயா பதில் சொல்லவில்லை.
அளவுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு
விடியுமுன்பே இறங்கிவிட்டாள்.

அவளுக்கு இரும்பைத் தெரியும்.
மர அறுவை ஆலையில் பதினொரு வருடம்.
பீச் மரத்தின் நடுவயிற்றில்
விரல்நீளத் தகடு ஒன்று காத்திருக்கும்;
வாளின் பல் போய் அதில் விழும்போது எழும் சத்தத்தை
பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்கவேண்டும்.

சோச்சா பக்கத்திலேயே வந்தது.
அதன் பச்சையை மரகதம் என்று எழுதி
விடுதிக்காரர்கள் அறை விற்கிறார்கள்.
புளிபோட்டுத் துலக்காத செம்பில்
ஏறும் களிம்பு அது,
வேறொன்றுமில்லை.

நாலாவது கிலோமீட்டர் தொங்குபாலம்.
பலகைகள் தாளம் தப்பி அடிக்கும்,
காலை எதிர்த்தாளத்தில் வைக்காதவனுக்கு
முழங்கால் போகும்.
ஆறில் பதுங்குகுழி. தோள் உரசும் கற்சுவர்,
ஒருவர் பின் ஒருவராகத்தான்.
முந்த முடியவில்லை என்று வருடாவருடம் புகார் வருகிறது.
முந்துவதற்கா வெட்டினார்கள்?
ஏழில் குகை. அதன் வாசலில்
ஈரம் காயாத சிமெண்டில் எவனோ ஆணியால் எழுதியது,
தன் பெயரை அல்ல,
கோவேறு கழுதையின் பெயரை:
ஃபியாமெத்தா.
அந்த எழுத்துகள் மட்டும் வழவழவென்று இருக்கின்றன.
ஓடுகிறவர்கள் எல்லோரும் தொட்டுவிட்டுப் போகிறார்கள்,
யெர்னேயாவும்.

டிக், டிக், டிக்,
மீட்டருக்கு ஒருமுறை சக்கரம்.
புதரை விட்டுத் தார்ச்சாலையில் போனால்
முந்நூற்று நாற்பது மீட்டர் குறைகிறது.
குறைந்தால் அது அரை மாரத்தான் இல்லை.

தேவாலயத்தைச் சுற்றலாம் என்றார்கள்.
பூசை நேரத்தில் இருநூறு ஜோடி ஷூவா என்றார் பாதிரியார்.
கடைசியில் ஷ்டெஃபானியாவின் புல்வெளி.
இரண்டாம் அறுப்பு இன்னும் முடியவில்லை.
வால்நட் மரம் வரை நூற்றெழுபது,
திரும்பி வந்தால் கணக்கு சரி.
'வேலிக்கதவைச் சாத்துங்கள்,
மிதித்ததற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்' என்றாள்.

அருங்காட்சியகத்தில் ஒரு வரைபடம் உண்டு.
சிவப்புக் கோடு ஒன்று, நீலக் கோடு ஒன்று.
பள்ளியிலிருந்து கூட்டிப்போன நாளில்
காவலர் அந்தப்பக்கம் திரும்பியபோது
யெர்னேயா சட்டையிலிருந்து நூல் பிரித்து அளந்திருக்கிறாள்.
இந்தச் சரிவில்
ஒரு வசந்தத்திலிருந்து அடுத்த கோடை வரை
சிவப்பு நகர்ந்தது
இதைவிடக் குறைவு.
ப்ரிமோஷுக்கு இது ஒரு நிமிடம் எட்டு நொடி.
அவனிடம் அவள் அதைச் சொல்லவில்லை.
ஓட்டக்காரனிடம்
ஓட்டத்துக்கு முன் சொல்வதற்கு
அதில் என்ன இருக்கிறது?

சனி மதியம் இருவர் வந்தார்கள்.
மணல்பெட்டியில் குண்டைக் கிடத்தி,
தூங்கும் பிள்ளையை வண்டியேற்றுவதுபோல் ஏற்றி,
பத்து கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோனார்கள்.
பின்னால் பால்வண்டி ஹாரன் அடிக்காமல் வந்தது.
வழி திறந்துவிட்டதே,
பழைய பாதைக்கே போகலாமே என்றான் ப்ரிமோஷ்.
சுண்ணாம்பு போட்டாயிற்று என்றாள்.

ஞாயிறன்று
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
புல்லுக்குள் போய் மரத்தைத் தொட்டுத் திரும்பினார்கள்.
எதிரெதிரே மூச்சு வாங்கிக்கொண்டு,
முகத்துக்கு முகம் ஒரு முழ இடைவெளியில்,
சிலர் கையைத் தட்டிக்கொண்டு.
மாடு ஒன்று மெல்லுவதை நிறுத்திப் பார்த்தது.
ப்ரிமோஷ் ஐந்தாவது.
திருப்பத்தில் வழுக்கியதாம்.
வாகை சூடியது
டோல்மினிலிருந்து வந்த ஒரு பல்மருத்துவர்;
எலுமிச்சைத் தேநீரைக் குடித்துவிட்டு
படமெடுக்கக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

திங்களன்று மேலிருந்து பார்த்தால்
வேலியிலிருந்து மரம் வரை நேராக ஒரு கோடு,
எழும்பாத புல்.

செவ்வாயன்று ரசீது வந்தது,
இரண்டு கட்டு வைக்கோலின் விலை.
யெர்னேயா பேரம் பேசவில்லை.
எண்ணிக் கொடுத்துவிட்டு
வேலிக்கதவைச் சாத்தினாள்.